முழங்கால் தண்ணிக்கு எதுக்குடா முப்பரிமாணம்? வைகைக்கு எந்த மாடல் எடுப்பது என்ற பஞ்சாயத்து

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சிவில் கடைசி வருஷம். செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி கால்வாய் வைகையில் வந்து விழும் இடத்திலிருந்து விரகனூர் மதகணை வரைக்கும் கழிவுநீர் எப்படிக் கலக்கிறது, எப்படி நகர்கிறது என்று கணினியில் மாடல் போடுவதுதான் அவனுடைய புராஜெக்ட்.

"டெல்ஃப்ட்-3டி சாஃப்ட்வேர் இறக்கி வச்சுட்டேன் மாமா. எதை எங்க போடணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

"ஆத்துல எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"தண்ணி விட்டா முழங்கால் அளவு."

"முழங்கால் தண்ணிக்கு எதுக்குடா முப்பரிமாணம்?"

"படம் நல்லா வரும் மாமா. வைவாவுல கலர் கலரா ஓடவிட்டுக் காட்டலாம்."

நேர்மையான பதில், குறை சொல்ல முடியாது. நானும் அவன் வயதில் அப்படித்தான் இருந்தேன், அதற்கு ஒருமுறை நன்றாக அவமானப்பட்டும் இருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. அன்றைக்கு மதியம் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசியதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஆற்றில் அழுக்கு போகும் பாதையைக் கணக்கிட இன்றைக்குக் கையில் இருக்கும் வழிகள் பல. காகிதத்தில் போடும் நிறைச் சமன்பாடு, அதாவது வந்து சேரும் அழுக்கையெல்லாம் கூட்டி மொத்தத் தண்ணீரால் வகுக்கும் கைக்கணக்கு. 1925-இல் ஓஹையோ ஆற்றுக்காக ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் போட்ட ஆக்சிஜன் கணக்கு. அதையே பெரிதாக்கி எக்செல்லுக்குள் அடைத்த குவால்-2கே. அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஹெக்-ராஸ். நீர்நிலையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்கும் வாஸ்ப். அப்புறம் நெதர்லாந்துக்காரர்களின் டெல்ஃப்ட்-3டி. ஏறக்குறைய எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன, அதுதான் தொல்லையே. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் நமக்கு இது தேவையா என்று ஒரு நிமிஷமாவது யோசிப்போம்.

மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆற்றைப் பற்றிப் பேசிவிடலாம். வருசநாட்டு மலையில் பிறந்து, 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிற ஆறு இது. 1959-இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் அணை வந்த பிறகு, மதுரைக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மழையைவிட மதகைத்தான் நம்பி இருக்கிறது. வருஷத்தில் பல நாட்கள் நகருக்குள் ஓடுவது ஆற்றுத் தண்ணீரே கிடையாது, கால்வாய்களும் ஓடைகளும் கொண்டுவந்து கொட்டுவது மட்டும்தான். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'ஆற்றில் ஒரு கழிவுநீர்க் குழாய் வந்து சேர்கிறது' என்று அத்தியாயம் தொடங்கும். இங்கே பாதி வருஷம் கழிவுநீர்தான் ஆறு, அணை திறந்தால்தான் அதில் ஆறு வந்து சேரும். எந்த மாடலை எடுத்தாலும் அது இந்தத் தலைகீழைத் தாங்குமா என்பதுதான் என்னுடைய முதல் சோதனை, பலதும் இதிலேயே தடுக்கி விழுந்துவிடும்.

சரி, கைக்கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கேவலமாகப் பார்ப்பது அதைத்தான், பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அதுதான்.

ஒரு பேச்சுக்கு, ஒரு கால்வாய் விநாடிக்கு 200 லிட்டர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம், நாளைக்கு ஏறத்தாழ 1.7 கோடி லிட்டர். அதன் பிஓடி, அதாவது அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று முடிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 120 மில்லிகிராம். மேலேயிருந்து ஆறு விநாடிக்கு 2 கனமீட்டர் ஓட்டத்தில் பிஓடி 3-உடன் வருகிறது. இரண்டும் கலந்தால் 13.6. அணையில் திறந்துவிட்டு ஆறு 20 கனமீட்டராக, நம் செய்தித்தாள் மொழியில் விநாடிக்கு 700 கன அடியாக, வந்தாலும் 4.2 வரைக்கும்தான் இறங்கும். ஆறே இல்லையென்றால் 120-ஐத் தவிர வேறு எண்ணே இல்லை. ஆற்றில் குளிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு, பிஓடி 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் சுவாரசியம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்கும்போது தண்ணீர் திறக்கிறார்கள் அல்லவா, எவ்வளவு திறந்தால் அந்த 3-ஐத் தொடலாம்? மேலேயிருந்து வரும் தண்ணீரின் பிஓடி 1.5 ஆக இருந்தால், இந்த ஒரு கால்வாய்க்கு மட்டும் 550 கன அடி போதும். அதுவே 2 ஆக வந்தால் 826 கன அடி வேண்டும். 3 ஆகவே வந்தால் அணையையே காலி செய்தாலும் முடியாது, ஏனென்றால் கலக்கிற தண்ணீரே வரம்பில்தான் நிற்கிறது. அரைப்புள்ளி வித்தியாசத்துக்கு 276 கன அடி. சோழவந்தான் பக்கம் எடுக்கும் ஒரு சாம்பிளை ஒழுங்காக எடுப்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிவிடுகிறது. எந்த மென்பொருளும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கால்வாய் விழுந்த உடனேயே தண்ணீர் கரையோடு கரை முழுக்கக் கலந்துவிடுகிறது என்ற பொய். இங்கேதான் என் அவமானக் கதை.

பல வருஷம் முன்னால், வேறொரு மாவட்டத்தில், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்காக ஓர் ஆற்றுத் துண்டுக்கு மாடல் போட்டேன். கழிவு விழும் இடத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் பாலம் ஒன்று, அதன் நடுவிலிருந்து வாளி இறக்கி எடுத்த நாலு சாம்பிள், அதை வைத்து மாடலைத் திருகித் திருகிச் சரிசெய்தேன். வளைவுகள் அழகாகப் பொருந்தின. கூட்டத்தில் காட்டும்போது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, எங்க கரையில மாடு வாய் வைக்க மாட்டேங்குது, அக்கரையில மனுசன் குளிக்கிறான், உங்க படத்துல ரெண்டு கரையும் ஒரே கலர்ல இருக்கே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. முன்னமே, கரைக்குக் கரை கலக்கும் குறுக்குக் கலப்புக்கு ஒரு தடவை கையால் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், அது பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தை வைகைக்குப் போட்டுக் காட்டினேன். தண்ணீர் ஓடும் அகலம் 60 மீட்டர், ஆழம் அரை மீட்டர், வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 12 கனமீட்டர், ஏறத்தாழ 425 கன அடி. ஆற்றுப் படுகையின் உராய்வால் வரும் சுழல்தான் கலக்குகிற கரண்டி. மேலிருந்து கீழாகக் கலக்க அந்தக் கரண்டிக்கு 17 மீட்டர் தூரம் போதும், ஒன்றரை பஸ் நீளம். ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கலக்க? 27 கிலோமீட்டர். நான் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பயல் அவனுடைய செல்லில் மறுபடி அடித்துப் பார்த்தான். அதே 27. கலக்க ஆகும் தூரம் அகலத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அகலமோ ஆழத்தைவிட 120 மடங்கு, அதனால்தான் இப்படி. வளைவுகளும் மணல் திட்டுகளும் கொஞ்சம் உதவும் என்று கலப்பை இரட்டிப்பாக்கினாலும் 13, 14 கிலோமீட்டர். கால்வாயிலிருந்து விரகனூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

ஆக, வடகரையில் செல்லூர்ப் பக்கம் விழும் அழுக்கு வடகரையை ஒட்டியே போகும், தென்கரைப் படித்துறையில் நின்று பாட்டிலில் பிடித்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். இடையில் தடுப்பணை ஏதாவது வந்து தண்ணீர் தேங்கி மேலேறி விழுந்தால்தான் கணக்கு மாறும், அங்கே ஒரு பெரிய கலக்கல் நடக்கும், விரகனூர் மதகிலும் அப்படித்தான்.

இந்த ஓர் எண் இரண்டு வேலை செய்கிறது, கவனியுங்கள். மேலிருந்து கீழ்க் கலப்பு 17 மீட்டரில் முடிந்துவிடுவதால் மூன்றாவது பரிமாணம் வெட்டிச் செலவு, டெல்ஃப்டின் அந்தப் பெரிய பலம் இங்கே எடுபடாது. அதே நேரம் குறுக்கே கலக்க 27 கிலோமீட்டர் ஆவதால், ஆற்றை ஒரே கோடாகப் பார்க்கும் ஒரு பரிமாண மாடல்கள் எல்லாம் நகருக்குள் தப்பு. தேவைப்படுவது நீளம், அகலம் என்ற இரண்டு பரிமாணம். அதற்கும் மென்பொருள் வேண்டியதில்லை, நேரான துண்டுக்குக் கைச் சூத்திரமே இருக்கிறது, எக்செல்லில் இருபது வரியில் முடியும்.

"அப்ப குவால் வேண்டாமா மாமா? எங்க சார் அதைத்தான் சொன்னாரு."

சார் சொன்னது தப்பில்லை, எங்கே என்பதுதான் கேள்வி. குவால்-2கே-வில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். எக்செல் தாளில் ஆற்றைத் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்தால் பிஓடி, அம்மோனியா, பாசி, கரைந்த ஆக்சிஜன் என்று எல்லாவற்றையும், இரவு பகல் ஏற்ற இறக்கத்தோடு, வரைந்து தருகிறது. ஆனால் ஓட்டம் மாறாமல் நிலையாக இருக்க வேண்டும், குறுக்கே முழுதாகக் கலந்திருக்க வேண்டும். நகருக்குள் இரண்டும் கிடையாது. விரகனூருக்குக் கீழே, மதகில் ஒருமுறை கலக்கிவிட்ட பிறகு, திருப்புவனம் மானாமதுரை பக்கம் நீண்ட தூரம் போகும் தண்ணீருக்கு, அணையில் ஒரே அளவில் பத்து நாள் திறந்திருக்கும் சமயத்தில், அது பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சிஜன் கணக்கின் உயிரே நேரம்தான், அழுக்கு மட்க நாட்கள் ஆகும். செல்லூரிலிருந்து விரகனூருக்குத் தண்ணீர் ஐந்தரை மணி நேரத்தில் போய்விடும். நாளொன்றுக்கு 0.35 என்ற வேகத்தில் மட்கினாலும் அதற்குள் குறைவது எட்டு சதவீதம். அந்த எட்டுக்காக ஐம்பது மாறிலிகளை உட்கார்ந்து நிரப்புவது, கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற நோட்டுக்கு அட்டை போடுவது மாதிரி. நகருக்குள் ஆட்சி செய்வது நீர்த்தல், மட்கல் இல்லை.

குவால் எடுக்கிறவர்கள் கட்டாயம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று, சொல்லிவிடுகிறேன். அதிலிருக்கும் மாறிலிகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. நம்ம ஊர்த் தண்ணீர் 30 டிகிரி. அந்தப் பத்து டிகிரிக்கு மட்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது, தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜனோ 9.1-லிருந்து 7.6 ஆகக் குறைகிறது. வரம்பு 5 என்றால் நம்மிடம் விளையாட இருப்பது வெறும் இரண்டரை மில்லிகிராம். பிஓடி சோதனையும் அப்படியே. அவர்கள் 20 டிகிரியில் ஐந்து நாள் வைக்கிறார்கள், இங்கே ஆய்வகத்தில் 27 டிகிரியில் மூன்று நாள். மாடல் கேட்பதோ கடைசி வரை மட்கினால் ஆகும் முழுத் தேவையை. ஆய்வகச் சீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து மாடலில் போட்டு, விடை நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஹெக்-ராஸ் வேறு ஜாதி. அதன் முதல் வேலை வெள்ளம், மாசு இரண்டாவது. ஓட்டம் மணிக்கு மணி மாறும்போது, அதாவது அணை திறந்து முதல் தண்ணீர் நுரையும் குப்பையுமாக உருண்டு வரும்போது, குவால் கையைத் தூக்கிவிடும், இது நிற்கும். திறந்த முதல் நாள் நகருக்குள் வருவதுதான் ஆகக் கேவலமான தண்ணீர், மாதக்கணக்கில் குட்டை குட்டையாகத் தேங்கியதை எல்லாம் கழுவிக்கொண்டு வரும். அந்தக் கேள்விக்கு இதுதான் கருவி. ஆனால் இரண்டு சிக்கல். ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகள் வேண்டும், நூறு இருநூறு மீட்டருக்கு ஒன்றாக, லெவல் கருவியும் அளவுக் கம்பும் தூக்கிக்கொண்டு சீமைக்கருவேல முள்ளுக்குள் இறங்க வேண்டும். இரண்டாவது, காய்ந்த ஆறு. ஒரு பரிமாணக் கணக்கில் தண்ணீரே இல்லாத துண்டு வந்தால் அது உடைந்து நின்றுவிடும், அதனால் அடியில் ஒரு சின்ன வாய்க்காலைப் பொய்யாக வெட்டி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஓடுவதாக ஏமாற்றி ஓட்டுவார்கள். வைகையில் அந்தப் பொய்யை வெட்டியபடியே போக வேண்டியிருக்கும். மணல் குடிக்கும் தண்ணீரையும் தனியாகக் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அணையில் திறந்த அத்தனையும் மதுரைக்கு வந்து சேர்ந்ததாக மாடல் சாதிக்கும். சோழவந்தான் விவசாயி யாரைக் கேட்டாலும் சிரிப்பார்.

நீளவாக்குப் பரவலைப் பற்றியும், அதாவது அழுக்கு ஓட்டத்தின் திசையில் முன்னும் பின்னும் விரிவதைப் பற்றியும், இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதில்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன அதே அரை மீட்டர் ஆழத்து ஆற்றுக்கு, எல்டர் 1959-இல் தந்த சூத்திரத்தில் போட்டால் பரவல் எண் 0.2. ஃபிஷர் பின்னால் இயற்கை ஆறுகளுக்குத் தந்த சூத்திரத்தில் போட்டால் 180. எண்ணூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! எல்டர் அகலமான நேர் வாய்க்காலில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை மட்டும் எடுத்தார், ஃபிஷர் கரையோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போவதைச் சேர்த்தார், நிஜ ஆற்றில் அதுதான் பெரியது. எதை எடுப்பது என்று மண்டையைக் குழப்புவதற்கு முன், அது தேவையா என்று கேளுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கும் சாக்கடைக்கு நீளவாக்குப் பரவல் கிட்டத்தட்ட பொருட்டே இல்லை, முன்னால் போனதும் பின்னால் வருவதும் அதே அழுக்குத்தான். பாலத்தில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து ஒரே மூச்சில் ஆற்றில் கொட்டிவிட்டால், அப்போது அந்த எண்தான் எல்லாம், கீழே இருக்கும் ஊர்க் கிணறுகளின் மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதிலும் ஃபிஷர் சூத்திரம் குறுக்குக் கலப்பு ஓரளவு முடிந்த பிறகுதான் செல்லும், இங்கே அதற்கு 19 மணி நேரம் ஆகும், நமக்குக் கையில் இருப்பது ஐந்தரை.

இதுவரை தண்ணீர் ஓடுவதாகவே பேசிவிட்டேன். ஓடாதபோது?

தடுப்பணைக்குப் பின்னால் தேங்கி, மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக்கிடக்கும் வைகைக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்கும் வேகத்துக்கு எல்லா மாடலிலும் ஒரு சூத்திரம் இருக்கிறது, தண்ணீரின் வேகத்தையும் ஆழத்தையும் கேட்கும். வேகம் பூஜ்யம், மேலே பச்சை மூடி. எதைப் போடுவீர்கள்? மூடி இல்லாத இடத்தில் பாசி, அது பகலில் ஆக்சிஜனை விட்டு இரவில் இழுத்துக்கொள்ளும். காலை பதினொரு மணிக்கு, டீ குடித்துவிட்டு நிதானமாகப் போய் எடுத்த சாம்பிளில் ஆக்சிஜன் 9 கூட வரும், விடியற்காலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் ஒன்றுக்கும் கீழே. மீன் செத்து மிதப்பது விடிகாலையில்தான், பதினொரு மணிக்காரர்களுக்கு அது கடைசி வரைக்கும் மர்மமாகவே இருக்கும்.

இங்கே வாஸ்ப் மாதிரி பெட்டி மாடல்தான் என் தேர்வு, கண்மாய்க்கும் அதுவேதான். கண்மாய் என்பது மாடல்காரனுக்குக் கடவுள் கொடுத்த வரம், அண்டாவில் கலக்கிய தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பெரிய பாவமில்லை. நூறு ஏக்கர், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம், விநாடிக்கு 100 லிட்டர் வரத்து என்றால் தண்ணீர் உள்ளே தங்குவது 70 நாள். அந்த 70 நாளில், நாளொன்றுக்கு 0.2 என்ற மெதுவான வேகத்தில் மட்கினாலும் 120-ஆக வந்த பிஓடி 8 ஆகிவிடும். கண்மாய் காசு வாங்காத சுத்திகரிப்பு நிலையம்! ஆனால் மட்காததெல்லாம் உள்ளேயே தங்கும். பாஸ்பரஸ் சேற்றில் படிந்து வருஷாவருஷம் ஆகாயத்தாமரைக்குச் சோறு போடும். வெயிலில் நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் இரண்டாயிரம் கனமீட்டர் போய்விடும், உப்பு போகாது. சோப்புத்தூளும் முழுக்கப் போகாது, அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடி கண்மாயில் மறுகால் பாயும்போது நுரை மேகம் மாதிரி கிளம்பி ரோட்டுக்கு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நுரையை இந்தப் பட்டியலில் இருக்கும் எந்த மாடலும் நேராகச் சொல்லாது.

டெல்ஃப்டை ரொம்பவும் திட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, அது பாவம். ஆழமும் அகலமும் காற்றும் சேர்ந்து விளையாடும் இடங்களுக்கு அது ராஜா. 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியது, ஊரே சிரித்தது. நான் சிரித்ததோடு, மேல்மட்டத் தண்ணீரைக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று இதைவிடச் செலவு குறைவாக யாரும் செய்துகாட்டியதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். அணைக்குள் எந்த மூலையில் பாசி ஒதுங்கும், வெயில் காலத்தில் அடித்தண்ணீர் எப்படிக் கெடும் என்று கேட்டால் டெல்ஃப்டை எடுங்கள். பாக் நீரிணையில் ஒரு கழிவுநீர்க் குழாய் வந்து சேர்ந்தாலும் அதுதான். ஆனால் அதற்குத் தீனி போட ஆழ வரைபடம், காற்று, வெப்பநிலை, பல நாள் தொடர் அளவுகள் வேண்டும். நாலு சாம்பிளை வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் கட்டங்களை ஓடவிட்டால், மீதி எல்லாக் கட்டத்திலும் இருப்பது நம் கற்பனை, நல்ல கலரில்.

"சரி மாமா, அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்காம நான் எதை எடுக்கட்டும்னு சொல்லுங்க."

அவனுக்கு நான் சொன்னது இது. புராஜெக்டை நகருக்குள்ளேயே வை, எக்செல்லில் நிறைச் சமன்பாடும் குறுக்குக் கலப்பும் போடு, அதுவே முதல் அத்தியாயம். விரகனூருக்குக் கீழே போக ஆசையிருந்தால், தண்ணீர் நிலையாகத் திறந்திருக்கும் ஒரு வாரத்துக்கு மட்டும் குவால் ஓட்டு, வெப்பநிலைத் திருத்தத்தோடு. ஹெக்-ராஸ் வேண்டாம், தப்பான மாடல் என்பதால் இல்லை, குறுக்குவெட்டு எடுக்க நாலு பேருக்கு ஒரு மாதம் ஆகும், உங்களுக்கு இருப்பதே மூன்று மாதம். மிச்சமாகும் நேரத்தை எல்லாம் ஆற்றுக்குள் செலவழி.

ஆற்றுக்குள் என்றால், முதலில் எலுமிச்சம்பழம். முக்கால்வாசி முங்கி மிதக்கும், காற்று பிடிக்காது, தொலைந்தாலும் நஷ்டமில்லை. ஐம்பது மீட்டர் போக எத்தனை விநாடி என்று பார்த்து, ஐம்பதை அதால் வகுத்து 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். கலப்பைப் பார்க்கச் சாயம் விடலாம், ரோடமைன் நல்ல சாயம், ஆனால் வைகை சிவப்பாக ஓடினால் மறுநாள் பேப்பரில் யார் போட்டோ வரும் என்று தெரியும். கல் உப்புதான் நமக்கு ஏற்றது. ஐம்பது கிலோ மூட்டையைத் தண்ணீரில் கரைத்து, ஓட்டம் அரை கனமீட்டருக்கு மேல் இல்லாத துண்டில் ஒரே தடவையாகக் கொட்டி, கீழே மின்கடத்துதிறன் மீட்டரோடு நின்றால் போதும். உப்பு இருபது நிமிஷத்தில் கடந்துபோனால் சராசரியாக லிட்டருக்கு 80 மில்லிகிராம் கூடும், மீட்டரில் 170 மைக்ரோசீமென்ஸ் அளவுக்கு ஏற்றம் தெரியும். சாக்கடைத் தண்ணீரே முன்னமே உப்பாகத்தான் இருக்கும் என்பதால் கொட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரமாவது சும்மா நின்று அடிநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வடகரையில் ஒருவன், நடுவில் ஒருவன், தென்கரையில் ஒருவன் என்று மூன்று மீட்டர் கருவிகளோடு நின்றால் அந்த 27 கிலோமீட்டர் உண்மையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நீர்வளத்துறையிடமும் மாநகராட்சியிடமும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மூட்டை மூட்டையாக எதையோ ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று யாராவது வீடியோ எடுத்துவிடுவார்கள்.

பயல் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படம் மட்டும் கொஞ்சம் கலரா இருக்கலாமா?" என்றான். எக்செல்லிலேயே குறுக்குக் கலப்புக்கு நிறம் போடலாம், வடகரை கறுப்பாகவும் தென்கரை வெளிறியும் விரகனூர் வரை நீளும், அது போதாதா என்று போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டான். கல்லூரி ஆய்வகத்தில் மீட்டர் இரண்டு இருக்கிறதாம், ஒன்றுக்கு பேட்டரி இல்லை, இன்னொன்றின் சாவி லீவில் போயிருக்கும் அட்டெண்டரிடம். மூன்றாவதுக்கு என்னுடைய பழைய மீட்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.